மக்காசர் பாய்மரங்களும் மரேகேக் கரையும்: ஒரு கடலட்டை வணிகம் நீடித்ததும் நின்றதும் பற்றிய நிகழ்வு ஆய்வு

1803ஆம் ஆண்டு பிப்ரவரி 17 அன்று, ஆஸ்திரேலியாவின் கரையைச் சுற்றி வரைபடம் எழுதிக்கொண்டு வந்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி மேத்யூ ஃபிளிண்டர்ஸ், அக்கண்டத்தின் வடகரையிலுள்ள ஆர்னெம் நிலத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு தீவின் மறைவில் ஆறு பாய்மரக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்பதைக் கண்டார். கடற்கொள்ளையராக இருக்குமோ என்று அஞ்சிய அவர், தம்முடைய 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலின் சமையல்காரர் மலாய் பேசுபவராக இருந்ததால் அவரையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு விசாரித்தார். வந்திருந்தவர்கள் இன்றைய இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவின் மக்காசரிலிருந்து புறப்பட்டவர்கள். ஆறு கப்பல்களுக்கும் தலைவரான முதியவரின் பெயர் பொபாசு. அவர்கள் தேடி வந்த பொருள், கடலடித் தரையில் ஊர்ந்து வாழும் மென்னுடல் உயிரியான கடலட்டை. இதே கரையின் வேறு வேறு பகுதிகளில் 60 கப்பல்களும் ஏறத்தாழ 1,000 ஆட்களும் அப்போது வேலை செய்துகொண்டிருப்பதாகவும், கடந்த 20 ஆண்டுகளில் தாம் ஆறேழு முறை இங்கு வந்திருப்பதாகவும் பொபாசு சொன்னார். இதே கண்டத்தின் கிழக்குக் கரையில் ஆங்கிலேயர் குடியேறிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன; அந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டியதே இல்லை.

அவரவர் உலகத்தின் விளிம்பு என்று நினைத்திருந்த கரையில் நடந்த இந்தச் சந்திப்பிலிருந்துதான் மக்காசர்–ஆர்னெம் நிலக் கடலட்டை வணிகத்தைப் பற்றிய நம் அறிவின் பெரும்பகுதி கிடைக்கிறது. கடலட்டை வணிகத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பு, பெருக்கம், அழிவு என்ற மூன்றே கட்டங்களில் முடிந்துவிடும். ஒரு கடலில் அட்டை இருப்பது தெரியவரும். பத்து இருபது ஆண்டுகளில் அது தீரும். வணிகர் அடுத்த கடலுக்குப் போவர். மக்காசரியர் மட்டும் ஒரே கரைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குக் குறையாமல் ஆண்டுதோறும் வந்துபோயினர். அந்த வணிகம் எப்படி நீடித்தது, எதனால் நின்றது என்ற இரண்டு கேள்விகளையே இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. அட்டை தீர்ந்ததால் அது நிற்கவில்லை, ஒரு அரசாணையால் நின்றது என்பதும், அந்த ஆணையின் விலையை அதைப் பிறப்பித்தவர்கள் அல்லாமல் அக்கரையின் பூர்வகுடிகளே கொடுத்தார்கள் என்பதும் என் துணிபு.

எங்கோ உள்ள ஒரு விருந்துக்காக

இந்த வணிகத்தின் வியப்பான கூறு, பிடித்தவர்களும் அதை விரும்பி உண்ணவில்லை, பிடிபட்ட கரைக்கு உரியவர்களும் விரும்பி உண்ணவில்லை என்பது. தேவை முழுவதும் சீனாவிலிருந்து வந்தது. கடலட்டையைச் சீனர் 'ஹாய்ஷென்' என்பர். 'கடலின் ஜின்செங்' என்று பொருள். உடலுக்கு வலுவூட்டும் மூலிகைக் கிழங்கான ஜின்செங்குக்கு நிகராக அதை வைத்துப் பேசும் வழக்கம் மிங் அரசமரபுக் காலத்து நூல்களிலேயே உண்டு. வடசீனக் கரைகளில் கிடைத்த முள்ளுடைய குளிர்நீர் அட்டையில் தொடங்கிய அந்தச் சுவை, சிங் ஆட்சிக் காலத்தில் செல்வர் விருந்துகளின் வழக்கமாகப் பரவியபோது, உள்ளூர்க் கடல் போதாமல் போயிற்று. தென்கிழக்காசியாவின் வெப்பக்கடல் அட்டை அப்போதுதான் மதிப்புமிக்க சரக்காயிற்று.

சுவை என்று இங்கே சொல்வதைச் சற்றே விளக்க வேண்டும். காய்ந்த அட்டை கல்லைப் போலக் கெட்டியானது. அதைச் சில நாட்கள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, இடையிடையே வேகவைத்து ஆறவிட்டால், சுருங்கியிருந்த உடல் பல மடங்கு பருத்து, வழவழப்பும் இழுவையும் உடையதாகிறது. அதற்கெனத் தனிச்சுவை மிகக் குறைவு. எந்தச் சாற்றில் வேகிறதோ அதன் சுவையை ஏற்றுக்கொள்ளும். விலை கொடுப்பவர் நாவுக்கு அல்ல, பல்லுக்கும் மருத்துவ நம்பிக்கைக்குமே கொடுக்கிறார். ஆகவே விலையை முடிவு செய்வது அட்டையின் இனம், அளவு, தடிமன், அதைவிட முக்கியமாகப் பதப்படுத்திய நேர்த்தி. பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்ட் 1820இல் எழுதியபடி, மக்காசர் சந்தையில் 30 வகை அட்டைகள் தனித்தனிப் பெயரோடு பிரிக்கப்பட்டன. மிகக் குறைந்த வகைக்கும் மிக உயர்ந்த வகைக்கும் இடையே விலை பதினான்கு மடங்கு வேறுபட்டது. புதிதாக வந்த ஒருவர் தரம் அறியாமல் வாங்கினால் முதலே மூழ்கிவிடும் சந்தை அது.

மக்காசரை டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1660களின் இறுதியில் போரில் வென்று தன் கைக்குள் கொண்டுவந்தது. நறுமணப் பொருள் வணிகத்தைக் கம்பெனி தனக்கே உரியதாக்கிக்கொண்டது. கம்பெனியின் பிடி தளர்வாக இருந்த கடல்பொருள்கள் மக்காசரின் வணிகர்க்குக் கிடைத்த வழியாயின. 1754ஆம் ஆண்டுக் கம்பெனிக் கடிதம் ஒன்று, திமோருக்குத் தென்கிழக்கில் உள்ள தென்னிலத்துக்கு மக்காசரிலிருந்தும் திமோரிலிருந்தும் அவ்வப்போது ஆட்கள் போவதாகவும், தமக்குத் தெரிந்தவரை அங்கே கடலட்டையையும் மெழுகையும் தவிர வேறொன்றும் கிடைப்பதில்லை என்றும் குறிப்பிடுகிறது. அதிகாரியின் அந்த ஒரு வரி, ஒரு கண்டத்தின் கரையோடு ஆசியச் சந்தை பிணைந்திருந்ததற்கான சான்றாக இன்று நிற்கிறது.

தொடக்கம் அதற்கும் முந்தியதாக இருக்கலாம். ஆர்னெம் நிலத்தின் வெலிங்டன் மலைத்தொடரில் உள்ள ஜூலிர்ரி என்ற பாறை ஒதுக்கில், மஞ்சள் வண்ணத்தில் தீட்டிய பாய்மரக் கப்பல் ஒன்றின்மேல், தேன்மெழுகால் செய்த பாம்பு உருவம் ஒன்று ஒட்டப்பட்டுள்ளது. மெழுகின் காலத்தைக் கரிமக் கணிப்பால் அறிந்த ஆய்வாளர்கள், அடியில் உள்ள கப்பல் ஓவியம் 1664ஆம் ஆண்டுக்கு முற்பட்டது என்று 2010இல் அறிவித்தனர். அந்தக் கப்பல் கடலட்டைக்கு வந்ததுதானா என்பதை ஓவியம் சொல்லாது. வெளிக்கப்பல் ஒன்று 17ஆம் நூற்றாண்டிலேயே அக்கரையில் காணப்பட்டது என்பதை அது உறுதியாகச் சொல்கிறது. ஆண்டுதோறும் பெருந்தொகையாக வந்த வணிகத்துக்கு எழுத்துச் சான்று 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே கிடைக்கிறது.

ஒரு பருவத்தின் வேலை

மக்காசரியர் ஆர்னெம் நிலத்தை 'மரேகே' என்றும், மேற்கே கிம்பர்லிக் கரையைக் 'காயு ஜாவா' என்றும் அழைத்தனர். டிசம்பர் வாக்கில் வடமேற்குப் பருவக்காற்று நிலைபெற்றதும் கப்பல்கள் புறப்படும். தென்கிழக்குக் காற்று திரும்பும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஊர் திரும்பும். ஃபிளிண்டர்ஸ் பார்த்த கப்பல்கள் சுமார் 25 டன் கொள்ளளவு உடையவை. ஒவ்வொன்றிலும் 20 முதல் 25 பேர் இருந்தனர். கடல் வரைபடம் எதுவும் அவர்களிடம் இல்லை. டச்சுக்காரர் செய்த சிறிய திசைகாட்டி ஒன்றுதான் இருந்தது. ஒரு மாதத்துக்கான குடிநீரை மூங்கில் கணுக்குழாய்களில் நிரப்பி வைத்திருந்தனர். அரிசி, தேங்காய், கருவாடு உணவு.

கடல் வற்றும் நேரத்தில் கழிமுகத் திட்டுகளில் அட்டையைக் கையால் பொறுக்குவதும் உண்டு; ஆழத்தில் மூழ்கிக் குளித்து எடுப்பதும் உண்டு. 3 முதல் 8 பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழத்தில் மூழ்கி, ஒரு முறைக்கு எட்டுப் பத்து அட்டைகளை ஒருவர் கொண்டுவருவார் என்று பொபாசு விளக்கினார். 1,000 அட்டை சேர்ந்தால் 125 டச்சு பவுண்டு எடையுள்ள ஒரு பிக்குல்; 100 பிக்குல் ஒரு கப்பலுக்கு நிறைசரக்கு. இந்தக் கணக்கை ஒருமுறை விரித்துப் பார்ப்பது நல்லது. ஒரு கப்பல் நிரம்ப 1,00,000 அட்டை வேண்டும். அத்தனையும் குளித்தே எடுத்தால், இருபது இருபத்தைந்து பேர் சேர்ந்து ஒரே பருவத்தில் குறைந்தது 10,000 முறை மூழ்கி எழ வேண்டும். முதலையும் சுறாவும் உலவும், சேறு கலங்கிய கடல் அது. அறுபது கப்பலும் நிறைந்தன என்று கொண்டால் ஒரு பருவத்தில் 60,00,000 அட்டை. சிறுதொழில் என்று இதை எந்த வகையிலும் சொல்ல முடியாது.

பிடித்த அட்டை அப்படியே விட்டால் தன் உடலைத் தானே கூழாக்கிக்கொள்ளும் இயல்புடையது. அதனால் பாதி வேலை கரையில்தான். அட்டையின் பக்கவாட்டைக் கீறிக் குடலை நீக்கி, கடல்நீர் கொதிக்கும் பெரிய இரும்புக் கொப்பரைகளில் வேகவைத்தனர். கொப்பரைகள் தாங்கி நின்ற கல்லடுப்புகள், ஒன்றையடுத்து ஒன்றாக ஒரே வரிசையில் அமைந்தவை. அந்தக் கல்வரிசைகள் இன்றும் கடற்கரைப் புதர்களுக்கிடையே கிடக்கின்றன. வெந்த அட்டையைக் கல் வைத்து அழுத்தி, மூங்கில் சிம்புகளால் விரித்து, முதலில் வெயிலிலும் பிறகு புகையிலும் காயவைத்ததை ஃபிளிண்டர்ஸ் எழுதியுள்ளார். அக்கரையில் மிகுதியாகக் கிடைத்த மணல் அட்டைக்கு இதற்கு இடையில் மேலும் ஒரு படி உண்டு. அதன் தோலில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் செறிந்திருக்கும். அவை போகாவிட்டால் உண்ணும்போது மண் கடிபடுவது போலிருக்கும். ஆகவே வெந்ததை ஈரமணலில் புதைத்து வைத்து, மேல்தோல் இளகியபின் தேய்த்துக் கழுவி, கண்டல் மரப்பட்டை போட்ட நீரில் மறுபடி வேகவிடுவர். பட்டையின் சாறு ஏறிச் செந்நிறமாகும். பிறகு மூங்கிலால் கட்டிய புகைக்கூடத்தில் அடுக்குவர். ஓர் அடுப்புவரிசைக்கு எவ்வளவு விறகு தேவைப்படும் என்பதை எண்ணினால், நன்னீரும் கண்டலும் ஒதுங்குமிடமும் சேர்ந்து கிடைக்கும் கரையை ஏன் அவர்கள் ஆண்டுதோறும் தேடி அதே இடத்துக்கு வந்தனர் என்பது விளங்கும். உணவுக்குக் கொண்டுவந்து உண்டு எறிந்த புளியங்கொட்டைகள் முளைத்து மரமாகி நிற்கின்றன. ஆப்பிரிக்காவில் தோன்றி ஆசியா முழுதும் பரவிய புளியமரம், ஆர்னெம் நிலக் கடற்கரையில் தோப்பாக நிற்குமானால், அங்கே மண்ணைத் தோண்டினால் அடுப்புக்கல்லும் மக்காசர் பானையோடும் கிடைக்கும் என்பது தொல்லியலாளர்க்குப் பழகிய அடையாளம்.

கரைக்கு உரியவர்கள்

வடகிழக்கு ஆர்னெம் நிலத்தில் வாழும் யோல்ங்கு மக்களின் நிலத்தில்தான் இந்த அடுப்புகள் எரிந்தன. அவர்களுடைய நீரில்தான் குளிப்பு நடந்தது. ஆகவே இந்த வணிகத்தை மக்காசருக்கும் சீனாவுக்கும் இடைப்பட்டதாக மட்டும் எழுதுவது தவறு. இரும்புக் கத்தி, கோடரி, துணி, அரிசி, புகையிலை, சாராயம் ஆகியவை இறங்கின. ஆமை ஓடும் முத்துச்சிப்பியும் உழைப்பும் ஏறின. மரத்தைக் குடைந்து செய்யும் தோணி யோல்ங்குவுக்கு இவ்வழியே வந்தது. பட்டைத் தோணியில் போகத் துணியாத திறந்த கடலில், அந்தத் தோணியும் இரும்பு முனை ஈட்டியும் கைக்கு வந்தபின் கடற்பசுவான ஆவுளியாவும் கடலாமையும் வேட்டையாட முடிந்தது. சிலர் கப்பலில் ஏறி மக்காசருக்கே போய், அடுத்த பருவத்திலோ அதற்கடுத்ததிலோ திரும்பினர்.

மொழியில் இதன் தடம் தெளிவாக உள்ளது. யோல்ங்கு மொழிகளில் குடைதோணி 'லிப்பலிப்பா', பணம் 'ருப்பியா', கொடி 'பந்திர்ரா', வெள்ளையர் 'பலந்தா'. ஹாலந்துக்காரரைக் குறித்த சொல் மக்காசர் வாய்வழியே வந்து 'பலந்தா' ஆயிற்று. வெள்ளையரைப் பார்ப்பதற்கு முன்பே அவர்களுக்கான சொல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. 'ருப்பியா' என்பதைப் படிக்கும்போது நம் ரூபாயின் உறவு எவ்வளவு தூரம் கடல் கடந்திருக்கிறது என்ற நினைவு வராமல் போகாது.

இவ்வளவும் சொன்னபின் இதை ஒரு பொற்காலமாக வரைந்துவிடக் கூடாது. பொபாசுவின் முழங்காலில் ஈட்டிக்காயத் தழும்பு இருந்தது. கரைவாழ் மக்களிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி அவர் ஃபிளிண்டர்ஸை வற்புறுத்தினார். மோதல்களும் கொலைகளும் இருபுறமும் நிகழ்ந்தன. சாராயம் கேடு செய்தது. மக்காசரில் கப்பல் கட்டவும் அரிசி ஏற்றவும் முன்பணம் தந்த முதலாளிகளிடம் மாலுமிகள் கடன்பட்டிருந்தனர்; சரக்கு ஊர் வந்து சேர்வதற்குள் அதன் பெரும்பங்கு அவர்களுக்கு உரியதாகிவிடும். ஆனாலும் மக்காசரியர் வந்தனர், வேலை முடிந்ததும் போயினர். நிலம் தமது என்று அவர்கள் சொல்லவில்லை. யோல்ங்கு நினைவில் அவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே.

எதனால் நீடித்தது

மக்காசரியர் கடலட்டையைக் காக்க வேண்டும் என்று திட்டமிட்டதற்குச் சான்று எதுவும் இல்லை. அவர்கள் பிடிப்புக்கு எல்லை வகுத்தவை காற்று, மூச்சு, விறகு ஆகிய மூன்றுமே என்று நான் கருதுகிறேன். காற்று ஆண்டில் நான்கைந்து மாதமே இடம்கொடுத்தது; மீதி மாதங்களில் கடல் ஓய்வெடுத்தது. மூச்சடக்கிக் குளிப்பவர் எட்டுப் பாகத்துக்குக் கீழே போக முடியாததால், அதற்குக் கீழ் இருந்த அட்டைகள் தப்பின. மணல் அட்டை நாளின் ஒரு பகுதியை மண்ணுக்குள் புதைந்தே கழிப்பது. கலங்கிய நீரில் சிறிய அட்டைகள் கண்ணில் படுவதே அரிது. கரை மிக நீளமாக இருந்ததால் கப்பல்கள் பிரிந்து பரவின.

அட்டையின் இனப்பெருக்க முறையை நோக்கினால் இந்த எல்லைகளின் அருமை புரியும். பெரும்பாலான இனங்களில் ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் நீரிலேயே விடுகின்றன. இரண்டும் மிதந்து சந்தித்தால்தான் கரு. அட்டைகள் நெருங்கி வாழ்ந்தால் ஒரு பெண் விடும் இலட்சக்கணக்கான முட்டைகளில் கணிசமானவை கருவுறும். அடர்த்தி ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால், உயிரோடு இருக்கும் அட்டைகள்கூட ஒன்றுக்கொன்று எட்டாமல் மலடாகிவிடும். பிடிப்பதை நிறுத்தினாலும் மீளாத கடல்கள் உண்டு என்பதன் காரணம் இதுவே.

இதே நூற்றாண்டில் பிஜித் தீவுகளில் நடந்ததை ஒப்பிடலாம். சந்தனமரம் வெட்டித் தீர்ந்தபின், 1820களின் இறுதியிலிருந்து அமெரிக்காவின் சேலம் துறைமுகத்துக் கப்பல்கள் கடலட்டைக்காக அங்கே வந்தன. துப்பாக்கியை விலையாக வாங்கிக்கொண்டு, தீவுத் தலைவர்கள் நூற்றுக்கணக்கான ஆட்களை அட்டை பொறுக்கவும் விறகு வெட்டவும் அனுப்பினர். 1850 வாக்கில் அந்த வணிகம் ஓய்ந்துவிட்டது. தலைவர்களிடம் துப்பாக்கி மட்டும் எஞ்சியது.

இன்னும் கூர்மையான ஒப்பீடு கலாபகோஸ் தீவுகளில் கிடைக்கிறது. எக்வடோர் அரசு 1994ஆம் ஆண்டு இறுதியில் மூன்று மாதங்களுக்குச் சோதனையாக அட்டை பிடிக்க அனுமதித்து, 5,50,000 என்று உச்சவரம்பு வைத்தது. இரண்டு மாதத்தில் 60 இலட்சத்திலிருந்து 120 இலட்சம் வரை பிடிபட்டதாக மதிப்பிட்டு, பருவத்தை இடையிலேயே மூடியது. பொபாசுவின் காலத்தில் அறுபது கப்பல்களும் நீண்ட கரை ஒன்றில் ஒரு முழுப் பருவம் உழைத்தால் எட்டக்கூடிய உச்ச அளவை, காற்றுக்குழாய் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் கீழே இருக்கக்கூடிய குளிப்பாளர்கள் ஒரு சிறு தீவுக்கூட்டத்தில் அறுபது நாளில் தொட்டுவிட்டார்கள். மூச்சு என்ற எல்லை போனதும் வந்த விளைவு இது.

எதனால் நின்றது

ஆங்கிலேயர் இந்த வணிகத்தைப் பார்த்த நாளிலிருந்தே அதில் பங்கு கேட்டனர். மெல்வில் தீவில் 1824இலும், ராஃபிள்ஸ் விரிகுடாவில் 1827இலும், போர்ட் எசிங்டனில் 1838இலும் அவர்கள் அமைத்த குடியிருப்புகளின் நோக்கங்களில் ஒன்று, மக்காசர்க் கப்பல்களை வரவழைத்து ஆசிய வணிகத்தைத் தம்பக்கம் திருப்புவது. மூன்றுமே கைவிடப்பட்டன, கடைசியானது 1849இல். கப்பல்களோ முன்போலவே வந்துகொண்டிருந்தன.

1863 முதல் வடக்குப் பிரதேசத்தை ஆண்ட தெற்கு ஆஸ்திரேலிய அரசு, 1880களின் தொடக்கத்தில் மக்காசரியரிடம் சுங்கமும் உரிமக் கட்டணமும் வாங்கத் தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காற்றை மட்டுமே கேட்டு வந்தவர்கள், முதலில் சுங்கச்சாவடிக்குப் போய் அரிசி மூட்டையையும் புகையிலையையும் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. கப்பல்களின் எண்ணிக்கை குறைந்தது. 1906இல், இனி உள்ளூர்ப் படகுகளுக்கே உரிமம், மக்காசரியருக்கு இல்லை என்று அரசு முடிவெடுத்தது. 1906–07 பருவத்தில் வந்துபோன ஊசிங் டாயெங் ராங்காவின் கப்பலே கடைசி. அவருக்கு ஆர்னெம் நிலத்திலும் குடும்பம் இருந்தது.

உள்ளூர்த் தொழிலைக் காப்பது என்ற காரணத்தை நான் ஏற்கவில்லை. மக்காசரியர் போனபின் அந்த இடத்தில் அவர்கள் அளவுக்கு எழுந்து நின்ற உள்ளூர்த் தொழில் எதுவும் இல்லை. அரசின் கணக்கில் யோல்ங்கு மக்கள் ஒரு தரப்பாகவே இடம்பெறவில்லை. அவர்களிடம் கேட்ட பிறகு எடுத்த முடிவும் அல்ல. தலைமுறைகளாக இரும்பும் துணியும் உறவினரும் வந்துகொண்டிருந்த கடல்வழியை, எங்கோ தெற்கு ஆஸ்திரேலியத் தலைநகர் அடிலெயிடில் இருந்த ஓர் அரசு அடைத்தது.

யோல்ங்கு இறப்புச் சடங்குகளில் பாய்மரமும் கொடியும் இன்றும் எழுகின்றன. புறப்பட்டுப் போகும் கப்பல் இறந்தவரின் பிரிவுக்கு உருவகமாகப் பாடல்களில் நிற்கிறது. 1988இல் 'ஹாத்தி மரேகே' என்று பெயரிட்ட, பழைய முறையில் கட்டிய கப்பல் ஒன்று மக்காசரிலிருந்து ஆர்னெம் நிலக் கரைக்கு ஓட்டிவரப்பட்டது. 'மரேகேயின் இதயம்' என்பது அப்பெயரின் பொருள். அந்தக் கப்பல் இப்போது டார்வின் அருங்காட்சியகத்தில் உள்ளது.

வடகிழக்கு ஆர்னெம் நிலத்து ஊரான யிர்க்காலாவுக்குத் தெற்கே வுர்வுர்வூய் என்ற இடத்தில், 19ஆம் நூற்றாண்டில் யோல்ங்கு மக்கள் தரையில் கற்களை அடுக்கிச் செய்த படங்கள் உள்ளன; 2013இல் ஆஸ்திரேலிய தேசிய மரபுப் பட்டியலில் அவை சேர்க்கப்பட்டன. அவற்றில் கடலட்டை வேகவைக்கும் அடுப்புவரிசை இருக்கிறது, குடைதோணி இருக்கிறது, மக்காசர்க் கப்பல்கள் இருக்கின்றன. கப்பலைக் கரையிலிருந்து பார்த்தவர் வரைந்தால் பாயும் மரமும் பக்கவாட்டும்தான் வரும். இங்கே கப்பலின் தரைப்படம் இருக்கிறது. உள்ளறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கல்லால் தடுக்கப்பட்டிருக்கின்றன. அதைச் செய்தவர் கப்பலின் அடித்தளம்வரை இறங்கி நடந்தவர்.